தோண்டாத மூன்றாவது குழி

மூன்று வருடங்களுக்கு முன்பு, துர்கா பூஜைக்கு முந்தின அமாவாசையான மகாளயாவுக்கு இன்னும் நான்கே நாட்கள் இருந்த ஒரு காலையில், கொல்கத்தா சால்ட் லேக்கில் நடந்தது இது. அன்று காலை பதினொரு மணி வரைக்கும் என்னை ஒரு நல்ல இன்ஜினீயர் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. நான் பிறந்தது வளர்ந்தது எல்லாம் கிடர்பூரில். வீட்டில் திருநெல்வேலித் தமிழ், வாசற்படி தாண்டினால் வங்காளம். அம்மா வாங்கிய வார இதழ்களில் எழுத்துக்கூட்டித்தான் தமிழ் படித்தேன். சிவில் முடித்துவிட்டு, பூமிக்கடியில் கேபிள் பதிக்கும் ஒரு தனியார் கான்ட்ராக்ட் நிறுவனத்தில் சைட் இன்ஜினீயராகச் சேர்ந்தேன். ஹெல்மெட் போட்டுக்கொண்டு ஆட்களை அதட்டுவதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம் உண்டு. மறைப்பானேன்?

அந்த வருடம் எங்கள் வேலைக்கு வந்த டிரில் மெஷின் திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து வந்தது. சாலையை வெட்டிப் பிளக்காமல், ஒரு ஓரத்தில் கம்பியை இறக்கி, அடியிலேயே குடைந்துகொண்டு போய் மறு ஓரத்தில் எடுக்கிற மெஷின். அதை ஓட்டி வந்தவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். மெலிந்த உடம்பு, எப்போதும் துவைத்த காக்கிச் சட்டை. வங்காளம் ஒரு எழுத்து தெரியாது, இந்தியில் எண்ணத் தெரியும். சைட்டில் தமிழ் பேச நான் ஒருத்திதான். அவருக்கு டீ சொல்வதிலிருந்து, தங்கியிருந்த ஷெட்டில் தண்ணீர் வரவில்லை என்று சண்டை போடுவது வரைக்கும் எல்லாம் என் வாய் வழியாகத்தான் நடந்தது. முதல் வாரம் என்னை "மேடம்" என்றார். ஒரு நாள் அம்மா கொடுத்தனுப்பிய புளிச்சோற்றில் பாதியைக் கொடுத்தேன். மறுநாளிலிருந்து "அம்மிணி" ஆகிவிட்டேன். கொங்கு நாட்டில் அது எவ்வளவு பிரியமான சொல் என்று அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

எங்கள் வேலையில் ஒரு முறை இருக்கிறது. தோண்டுவதற்கு முன் அரசாங்கத்தின் செயலியில் பதிவு செய்ய வேண்டும். மின்சாரம், தண்ணீர், கேஸ், டெலிபோன் என்று அடியில் யாருடைய லைன் ஓடுகிறதோ அவர்கள் வரைபடம் அனுப்புவார்கள். வரைபடத்தை மட்டும் நம்ப முடியாது. முப்பது வருடங்களுக்கு முன்பு போட்ட லைன் காகிதத்தில் ஒரு இடத்திலும் மண்ணில் ஒரு இடத்திலும் இருக்கும். அதனால் மெஷின் போகும் பாதையில் கையாலேயே சோதனைக் குழிகள் தோண்டிப் பார்த்துவிட்டுத்தான் கம்பியை இறக்க வேண்டும்.

உடைத்துவிட்டால் தெரியாமல் நடந்துவிட்டது என்று கையை விரித்துவிட முடியாது. அஜாக்கிரதையாக உடைத்தால் அபராதமும் நஷ்ட ஈடும். அடியில் லைன் இருப்பது தெரிந்தே உடைத்தால் பொதுச் சொத்தைச் சேதப்படுத்திய குற்றம், சிறை வரைக்கும் போகும். தினமும் காலையில் வேலை தொடங்கும்முன் ஆட்களை நிற்கவைத்து இதை வங்காளத்தில் சொல்வேன். பிறகு அவருக்குத் தனியாகத் தமிழில் சொல்வேன். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டு கேட்பார்.

அன்றைக்கு மூன்று குழிகள் தோண்ட வேண்டும். இரண்டு தோண்டியாகிவிட்டது. மூன்றாவது தோண்ட வேண்டிய இடத்தில் பூஜைப் பந்தலின் மூங்கில் நட்டிருந்தது. கமிட்டிக்காரரிடம் கெஞ்சினேன், மிரட்டினேன். "பூஜோ முடிஞ்சதும் வாங்க தீதி, மூங்கில் என்ன, பந்தலையே எடுத்துத் தரேன்" என்று சிரித்துக்கொண்டே அனுப்பிவிட்டார். எங்களுக்கோ மகாளயாவோடு சாலை தோண்டும் அனுமதி முடிகிறது. அதற்கப்புறம் ஒரு மாதத்துக்கு நகரத்தில் மண்வெட்டி தூக்க முடியாது. முடிக்கவில்லை என்றால் யாரை உலுக்குவார்கள்? என்னைத்தான்.

முந்தின நாள் மாலை மின்சாரக் கம்பெனியின் வரைபடம் வந்திருந்தது. பஸ்ஸில் நின்றுகொண்டே போனில் பார்த்தேன். உயர் அழுத்தக் கேபிள் ஒன்று அந்த இடத்தை ஒட்டிப் போவதாகக் காட்டியது. நடைபாதைக்கு அந்தப் பக்கம்தான் போகிறது, நம் பாதைக்கு வராது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். விரலால் பெரிதாக்கி இன்னொரு முறை பார்த்திருக்கலாம். பக்கத்தில் நின்றவர் இடித்துக்கொண்டே இருந்தார், போனைப் பையில் போட்டுவிட்டேன்.

மறுநாள் காலை நான் செய்த காரியத்தை இன்று எழுதும்போதுகூடக் கை கூசுகிறது. இரண்டாவது குழியின் எதிர்ப்பக்கம் போய்க் குந்தி உட்கார்ந்து, வேறு கோணத்தில் ஒரு படம் எடுத்து, அதையே மூன்றாவது குழி என்று ஏற்றினேன். சரிபார்ப்புப் பட்டியலில் வரிசையாக டிக் அடித்தேன். "ஓட்டுநருக்கு வரைபடம் காட்டப்பட்டது" என்று ஒரு வரி இருந்தது. அதற்கும் ஒரு டிக். எங்கள் தொழிலில் பலரும் செய்வதுதான். படம் கேட்பவர்கள் படத்தைத்தான் பார்ப்பார்கள், குழியை யார் வந்து எட்டிப் பார்க்கப் போகிறார்கள்?

ஆனால் ஒருவர் பார்த்திருக்கிறார். மெஷினில் ஏறுவதற்கு முன் என்னிடம் வந்து, "ஏனுங்க அம்மிணி, மூணாவது குழி எங்கீங்க?" என்று கேட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. மாட்டிக்கொண்டவளுக்கு வருகிற கோபம் இருக்கிறதே, அது தனி ரகம். "அங்க ஒண்ணும் இல்லண்ணே. எல்லாம் பார்த்தாச்சு. நீங்க ஓட்டுங்க" என்று வெடுக்கென்று சொன்னேன். அவர் மெஷினில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

கம்பி போய்க்கொண்டிருந்தது. நான் மெஷினுக்கு ஓரடி தள்ளி நின்று, அளவு பார்ப்பதற்காக அதன் சட்டத்தைப் பிடிக்கக் கையை நீட்டினேன். பந்தல் பக்கம் பூமிக்குள்ளிருந்து ஒரு வெடிச்சத்தம். நடைபாதைக் கல் பெயர்ந்து புகை எழுந்தது. தெருவில் இருந்த எல்லா வீட்டு ஏசியும் ஒரே நேரத்தில் நின்றுபோன அமைதியை நான் கேட்டேன்.

"அம்மிணி, தொடாதீங்க! கால எடுக்காதீங்க! நின்ன எடத்துலயே நில்லுங்க!"

அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. என் கைக்கும் இரும்புக்கும் ஒரு சாண் இடைவெளி. அப்படியே நின்றேன். மண்ணில் கரண்டு பாயும்போது ஓர் எட்டு எடுத்து வைத்தாலும் அடிக்கும். அவர் தன் இருக்கையை விட்டு அசையவில்லை. "இன்னொருக்கா கரண்டு விடுவானுங்க, பாத்துட்டு இருங்க" என்றார். அவர் சொல்லி முடித்துக் கொஞ்ச நேரத்தில், விஷயம் தெரியாமல் எங்கோ ஒருவர் மறுபடியும் மின்சாரத்தை விட்டிருக்க வேண்டும், இரண்டாவது வெடி வெடித்தது. மெஷின் சட்டத்தின் முனையில் நீலமாக ஒரு பொறி பறந்தது. நான் பிடிக்கப்போன அதே சட்டம்.

கேபிளில் கரண்டு இல்லை என்று மின்சாரக் கம்பெனி ஆட்கள் வந்து சொல்லும் வரைக்கும் எங்களை அவர் நகர விடவில்லை. அதன் பிறகு இறங்கி வந்து, என்னிடம் தன் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார். உயிர் போய் வந்தது என்பார்களே, அது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

அது நடந்து இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை, நாங்கள் காவல் நிலையத்தில் இருந்தோம். மின்சாரக் கம்பெனி புகார் கொடுத்திருந்தது. போகும் வழியிலேயே என் மேனேஜர் போனில் கூப்பிட்டார். கையெழுத்து உன்னுடையது, பட்டியலில் என்ன இருக்கிறதோ அதையே சொல், ஓட்டுநர் நம் ஆள் இல்லை, மெஷின் முதலாளி வந்து அவரைப் பார்த்துக்கொள்வார் என்றார். அதற்கு மேல் சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

அதிகாரி நல்ல மனிதர், குரலை உயர்த்தவே இல்லை. ஓட்டுநருக்கு வங்காளம் தெரியாது என்றதும், என்னையே மொழிபெயர்க்கச் சொன்னார். அடியில் கேபிள் இருப்பது உங்களுக்குத் தெரியுமா, வரைபடத்தைப் பார்த்தீர்களா என்று கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

"எனக்கு எப்படிங்க தெரியும்? மேப்பு உங்க போன்லதானுங்க இருந்துச்சு. மூணாவது குழி எங்கீங்கன்னு கேட்டனுங்களே அம்மிணி, நீங்க ஓட்டுங்கன்னீங்க" என்றார். குற்றம் சாட்டும் குரலில் இல்லை. நடந்ததை நடந்தபடி சொன்னார், நான் அதை அப்படியே அந்தப் பக்கம் சேர்த்துவிடுவேன் என்ற நம்பிக்கையில்.

அதிகாரி பேனாவைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "வரைபடத்தைப் பார்த்தாராம். கேபிள் தள்ளிப் போகிறது என்று நினைத்துவிட்டாராம்" என்றேன், நல்ல சுத்தமான வங்காளத்தில்.

அது நான் செய்த தவறு. நான் பஸ்ஸில் செய்த தவறை, அவர் வாயிலிருந்து வந்ததாக எடுத்து வைத்துவிட்டேன். அந்த நேரத்தில் அது பெரிய பொய்யாகவே எனக்குத் தோன்றவில்லை. பழி இரண்டு பேருக்கும் பாதிப் பாதியாகப் போகும் என்று ஏதோ ஒரு கணக்கு. வரைபடத்தைப் பார்த்தார் என்ற ஒரு வார்த்தையோடு அவர் அஜாக்கிரதைக்காரர் இல்லாமல் தெரிந்தே செய்தவர் ஆகிவிடுவார் என்பது தினமும் காலையில் அதையே பாடம் நடத்தும் எனக்கா தெரியாது? தெரியும். பயம் எனக்கு அதை மறைத்துக் கொடுத்தது.

எழுதி முடித்துக் காகிதத்தை ஓட்டுநர் பக்கம் தள்ளினார் அதிகாரி. அவர் அந்த எழுத்துகளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "நான் சொன்னத எழுதிட்டாருங்களா?" என்று கேட்டார்.

"எழுதிட்டாரு அண்ணே."

"அப்பச் சரிங்க" என்று தமிழில் தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார். மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக. நான் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அன்று சாயங்காலமே அவரைக் கைது செய்தார்கள். மெஷினைப் பறிமுதல் செய்து காவல் நிலையத்துக்குப் பின்னால் நிறுத்தினார்கள். பஞ்சமியன்றுதான் ஜாமீன் கிடைத்தது. அதுவும் நகரத்தை விட்டுப் போகக்கூடாது, வாராவாரம் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்ற நிபந்தனையோடு. மெஷின் இல்லாத ஓட்டுநருக்கு இந்த ஊரில் என்ன வேலை? ஷெட்டிலேயே கிடந்தார். அவர் மனைவி ஊரிலிருந்து எனக்குப் போன் செய்தார், என் நம்பரை அவர்தான் கொடுத்திருந்தார். "நீங்க இருக்கறீங்கன்னுதான் தைரியமா இருக்கறனுங்க கண்ணு. எப்ப உடுவாங்க?" என்றார். சீக்கிரம் என்றேன்.

நவமியன்று அவரே கூப்பிட்டார். ஆயுத பூஜை, மெஷினுக்குப் பொட்டு வைக்க வேண்டும், போலீஸாரிடம் கொஞ்சம் சொல்ல முடியுமா என்றார். ஊரெல்லாம் டாக் மேளம் முழங்கிக்கொண்டிருந்தது. காவல் நிலையத்தில் இரண்டு பேர்தான் இருந்தார்கள், சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார்கள். அவர் மெஷினின் மேல் படிந்திருந்த தூசியைத் தன் துண்டால் துடைத்தார். சந்தனம், குங்குமம் வைத்தார். வாழைக்கன்றுக்கு எங்கே போவது? ஒரு சாமந்திச் சரத்தைக் கட்டினார். தெருமுனைக் கடையில் வாங்கிய பொரியில் பொட்டுக்கடலையைக் கலந்து எனக்கு இரண்டு கை நிறைய அள்ளிக் கொடுத்தார்.

"நீங்க இருந்ததுனால என் பக்கத்துப் பேச்ச எடுத்துச் சொல்ல முடிஞ்சுதுங்க. இல்லீன்னா ஊமையாட்ட நின்னிருப்பேன்" என்றார்.

அந்தப் பொரியை நான் தின்றேன். எப்படித் தின்றேன் என்று இன்றும் தெரியவில்லை. அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அடுத்த வாரம் சொல்லலாம், தீபாவளி கழியட்டும், பொங்கல் கழியட்டும் என்று தள்ளிக்கொண்டே போனேன். அவருக்கு அந்தத் தீபாவளியும் பொங்கலும் ஒரு தகர ஷெட்டில் கழிந்தன. எனக்கு இடையில் ஒரு சம்பள உயர்வுகூட வந்தது. அப்பா தெருவெல்லாம் சந்தேஷ் இனிப்பு கொடுத்தார்.

பிப்ரவரியில் நீதிமன்றத்தில் வழக்கு வந்தது. என் நிறுவனம் என்னையும் போகச் சொல்லியிருந்தது. குற்றச்சாட்டு என்னவென்று அவருக்குப் புரிய வேண்டும் என்று சொல்லி, தமிழ் தெரிந்த ஒரு பெண் வழக்கறிஞரை வரவழைத்திருந்தார்கள். அந்தப் பெண் காகிதத்தைப் பார்த்து, ஒவ்வொரு வரியாக நிறுத்தி நிதானமாகத் தமிழில் சொன்னார். வரைபடத்தைப் பார்த்ததாகவும், கேபிள் இருப்பது தெரியும் என்றும் நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள் என்றார்.

ஓட்டுநர் திரும்பி என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். நான்தானா என்று சரிபார்க்கிறவர் மாதிரி பார்த்தார். பிறகு நீதிபதியின் பக்கம் திரும்பிக் கைகூப்பி, "அன்னிக்கு வெடிச்ச சத்தத்துல எல்லாருக்கும் காது அடைச்சுப்போச்சுங்க. நான் சொன்னது அந்த அம்மிணிக்குச் சரியாக் கேட்டிருக்காதுங்க. அவங்க மேல தப்பில்லீங்க" என்றார்.

அந்தப் பெண் அதை வங்காளத்தில் சொன்னார். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. அந்த வேலையை அவ்வளவு சுலபமாகச் செய்ய முடியும் என்று அன்றைக்குப் பார்த்தேன். எனக்கு அழுகை வந்தது, அதற்கும் எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது.

வெளியே வராந்தாவில் அந்த வழக்கறிஞரைப் பிடித்து நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னேன். பஸ்ஸில் பார்த்த வரைபடம், ஒரே குழியின் இரண்டு படங்கள், காவல் நிலையத்தில் நான் மாற்றிச் சொன்னது, எதையும் விடவில்லை. படங்கள் என் போனில் நேரத்தோடு அப்படியே இருந்தன. அவற்றைக் கொடுத்தேன், எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அதற்கப்புறம் வழக்கு என் பக்கம் திரும்பியது. மேனேஜர் ஒரே நாளில் என்னை வேலையை விட்டு நிறுத்தினார். பல மாதங்கள் நீதிமன்றத்துக்கு அலைந்தேன். கடைசியில் அபராதம் கட்டச் சொல்லி, என்னைக் கடுமையாகக் கண்டித்து விட்டுவிட்டார்கள். இளம் வயது, தானாக முன்வந்து சொன்னாள் என்று சலுகை. தானாக முன்வந்தேன் என்பதைக் கேட்டபோது எனக்குத் தலை நிமிரவில்லை. அப்பா என் ஹெல்மெட்டை எடுத்துப் பரண்மேல் வைத்தார்.

ஓட்டுநரை வழக்கிலிருந்து விடுவித்தார்கள். மெஷினை லாரியில் ஏற்றிய காலையில் நான் போயிருந்தேன். சாமந்திச் சரம் காய்ந்து சருகாகி அதிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. லாரியில் கட்டிய கயிற்றை ஒவ்வொன்றாக இழுத்து இழுத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, என்னை மன்னிச்சிருங்க" என்றேன். மாதக்கணக்கில் யோசித்து வைத்திருந்ததில் அது மட்டும்தான் வாயில் வந்தது.

கயிற்றை விடாமலேயே, "நமக்குக் காது நல்லாத்தானுங்க கேட்டுச்சு அன்னிக்கு, ரெண்டு பேருக்கும்" என்றார். அடுத்த முடிச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, "போச்சாதுங்க, விடுங்க. கடைசில நெசத்தச் சொன்னீங்கல்ல, அது போதுமுங்க" என்றார்.

லாரியில் ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்திவிட்டு, தலையை வெளியே நீட்டினார்.

"வரேனுங்க, மேடம்."

லாரி திரும்பிப் போகும் வரைக்கும் அங்கேயே நின்றிருந்தேன். அதற்கப்புறம் அவரிடமிருந்து போன் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.

இப்போது ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். குழிகளை நானே இறங்கிப் பார்க்கிறேன். மூங்கில் நட்டிருந்தால் அன்றைக்கு வேலையை நிறுத்திவிடுகிறேன், திட்டு வாங்கிக்கொள்கிறேன். காகிதத்தில் இருப்பதைப் படிக்கத் தெரியாத ஆளிடம் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கும்போது, அவர் பாஷையில் இரண்டு முறை படித்துக் காட்டுகிறேன். ஆனாலும் காகிதத்தைப் பார்த்துவிட்டு யாராவது ஒருவர் முகத்தை நிமிர்த்தி, நான் சொன்னதைத்தானே எழுதியிருக்கிறீர்கள் என்று கேட்டால், உண்மையாகவே எழுதியிருக்கும்போதும்கூட, ஆமாம் என்று சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் ஆகிறது.